பாசிக் கட்சியும் பெர்லைட் கட்சியும்

என் மனைவி அபோலோனியா மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் கண்முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "முதலாவது தெளிவா இருக்கா, ரெண்டாவதா?" என்று பகல் முழுவதும் கேட்பதுதான் அவள் தொழில். தோருன் நகரத்தில் பாதிப் பேரை இப்படித் தேர்வு செய்ய வைத்துவிட்டு வீட்டுக்கு வருவாள். தனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மட்டும் அவளுக்குக் கை கால் ஓடாது. வரவேற்பறைத் திரைச்சீலைக்கு மூன்று வருடம் பிடித்தது. அந்த மூன்று வருடமும் நாங்கள் சாப்பிடுவதை எதிர்க் கட்டடத்துக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூப்பில் உப்புப் போட மறந்தால் ஜன்னலிலிருந்து குரல் வராததுதான் பாக்கி.

"என்னைக் கட்டிக்க மட்டும் எப்படி முடிவு பண்ணே, போலா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ ஒருத்தன்தானே கேட்டே, ஜெனெக்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

நான் டிராம் பணிமனையில் மெக்கானிக். எனக்குச் செடி கொடி பற்றி ஒன்றும் தெரியாது. போலாவுக்கு அதுதான் உயிர். நூலகத்தின் பின்னறையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை கூடும் வீட்டுச்செடிச் சங்கத்தில் அவள் உறுப்பினர். மொத்தம் பதினான்கு பேர். பதினான்கு பேருக்கு ஒரு கட்சி போதும். அங்கே இரண்டு இருந்தன.

ஒன்று பாசிக் கட்சி. அதன் தலைவர் செவெரின், ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர். செடியை எதில் நட்டாலும் சதுப்புப் பாசியில்தான் நட வேண்டும் என்பார். மற்றது பெர்லைட் கட்சி. சுட்டுப் பொரித்த எரிமலைக் கல் அது. பார்க்க அரிசிப் பொரி போல வெள்ளையாக இருக்கும், எடையே இருக்காது. அதன் தலைவி பல்பினா, முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். இவர்கள் இருவரும் ஏழு வருடமாக ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டையிலும் மரியாதை குறையாது: அவர் 'பான்', அவள் 'பானி', அதாவது எங்கள் ஊர் ஐயாவும் அம்மாவும். ஒருவர் வராத சனிக்கிழமைகளில் மற்றவருக்குத் தலைவலி வந்துவிடும்.

பிப்ரவரி முதல் வாரம் சங்கத்துக்கு ஆய்வகத்திலிருந்து மூன்று கண்ணாடிக் குப்பிகள் வந்தன. உள்ளே கடல்பாசி ஜெல்லி மாதிரி ஒரு கூழ். அந்தக் கூழில் சுண்டுவிரல் நீளத்தில், குப்பிக்கு ஐந்தாக, பதினைந்து மான்ஸ்டெராக் குழந்தைகள்; வளர்ந்தால் ஓட்டை ஓட்டையாகப் பெரிய இலை விடும் கொடி அது. பச்சை இலையில் பால் தெறித்தது போலப் புள்ளிகள். விதையும் இல்லை, தாய்ச்செடியும் பக்கத்தில் இல்லை. ஒரு துணுக்குத் திசுவிலிருந்து குப்பிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவை. இவற்றை வெளியே எடுத்து, நம் வீட்டுக் காற்றுக்குப் பழக்கிப் பிழைக்க வைப்பதுதான் கஷ்டமாம்.

"இதுங்களுக்குத் தோலே கிடையாது. குப்பிக்குள்ள எப்பவும் ஈரம். இலைமேல மெழுகுப்பூச்சு வளரவே இல்ல. வெளிய எடுத்தா அரைமணி நேரத்துல வாடிடும். அதனாலதான் சொல்றேன், பாசி. பாசி தாய் மாதிரி" என்றார் செவெரின்.

"தாய் மாதிரிதான். மூச்சு முட்டக் கட்டிப் பிடிச்சே கொன்னுடும்" என்றாள் பல்பினா. "வேருக்குக் காத்து வேணும், பான் செவெரின். காத்து! உங்க வகுப்புல ஜன்னலே திறந்ததில்லன்னு உங்க பழைய மாணவர் ஒருத்தர் முடி வெட்டிக்கறப்பச் சொன்னாரு."

"அவன் ரெண்டு வருஷம் ஃபெயில் ஆனவன், பானி பல்பினா."

கடைசியில் போட்டி வைப்பதென்று முடிவானது. செவெரினுக்கு ஐந்து, பல்பினாவுக்கு ஐந்து. மீதி ஐந்தை எந்தக் கட்சியிலும் சேராத ஒருவரிடம் கொடுக்க வேண்டும். ஏழு வருடமாக எந்தக் கட்சியில் சேருவதென்று யோசித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் என் மனைவி. ஏப்ரல் முதல் சனிக்கிழமை எல்லோரும் செடியோடு வர வேண்டும்.

"எதுல நடப் போறீங்க, பானி அபோலோனியா? இப்பவே சொல்லுங்க" என்றார் செவெரின்.

"யோசிச்சுச் சொல்றேனே" என்றாள் போலா. கூட்டத்தில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

அந்த வாரம் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயவே இல்லை. காலையில் செவெரின், மாலையில் பல்பினா. செவெரின் ஒரு பை பாசியைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போனார். பல்பினா அதே பிடியில் ஒரு பை பெர்லைட்டை மாட்டிவிட்டு, பாசிப் பையைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது போலா என்னிடம் சொன்னாள்:

"அஞ்சு செடி இருக்கு. அஞ்சையும் அஞ்சுல நட்டுடறேன். ஒண்ணு பாசி. ஒண்ணு பெர்லைட். ஒண்ணு பாதிப் பாசி பாதி பெர்லைட். ஒண்ணு எரிமலைச் சரளை. ஒண்ணு தேங்காய் நார்த்தூள்."

"இது தேர்வா?"

"தேர்வு இல்லதான். ஆனா தூக்கம் வரும்."

மறுநாள் காலை நான் எழுந்தபோது அவள் குப்பியைத் திறந்து, குழந்தைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, வேரில் ஒட்டியிருந்த கூழை ஒரு மெல்லிய பிரஷ்ஷால் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருந்தாள். கூழில் சர்க்கரை இருக்கிறதாம். கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பூஞ்சை மொய்த்துவிடுமாம். அந்தப் பிரஷ் என்னுடைய சவர பிரஷ் என்பதை இரண்டு நிமிடம் கழித்துத்தான் கவனித்தேன். அவள் முகத்தில் பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற தீவிரம் இருந்தது. பேசாமல் சமையலறைக்குப் போனேன்.

கம்பு ரொட்டியில் இரண்டு துண்டு வெட்டினேன். மேசையில் பாலாடைக்கட்டி டப்பா திறந்தே இருந்தது. ஈரமாக, வெள்ளையாக, உதிரி உதிரியாக. ஒன்றரை ஸ்பூன் எடுத்து ரொட்டியில் தடவி, உப்பும் மிளகும் தூவி, ஜன்னலோரத் தொட்டியிலிருந்து வெங்காயத் தாளைக் கிள்ளிப் போட்டுக் கடித்தேன். நறநறவென்றது.

"போலா, இந்தக் கட்டி கெட்டுப்போச்சு போல. மணலைத் தின்ன மாதிரி இருக்கு."

அவள் பிரஷ்ஷோடு ஓடி வந்தாள். டப்பாவைப் பார்த்தாள். என் ரொட்டியைப் பார்த்தாள்.

"எவ்வளவு சாப்பிட்டே?"

"ஒரு வாய்தான். ரொட்டியில இருக்கறதோட சேத்தா ஒன்றரை ஸ்பூன்."

"ஐயோ" என்றாள். கணவன்மேல் இவ்வளவு பாசமா என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. அவள் டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "அப்போ கிண்ணத்துக்குப் பத்தாதே" என்றாள்.

தூசி பறக்காமலிருக்க அவள் பெர்லைட்டை நனைத்து, காலி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். நான் வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது ரொட்டியின் மேலிருந்ததை அவள் கத்தியால் வழித்து எடுப்பதைப் பார்த்தேன். உப்பும் மிளகும் இருக்கிறது என்று சொன்னதும்தான் விட்டாள்.

பாசி, பெர்லைட், கலப்பு, சரளை என்று நான்கு கிண்ணங்களில் நட்டு, ஈரம் போகாமலிருக்க மேலே பிளாஸ்டிக் மூடி போட்டாள். ஐந்தாவது குழந்தை ஈரத் துணியில் சுற்றப்பட்டு நார்த்தூளுக்காகக் காத்திருந்தது. அதை வாங்கி வர வேண்டியது நான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் சரளைக் கிண்ணத்தின் மூடி கீழே கிடந்தது. கிண்ணத்தில் எங்கள் பூனை க்ளூஸ்கா உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. வேலையை முடித்து, சரளையை நாலு முறை பின்னங்காலால் தள்ளி மூடிவிட்டு, எங்களைத் திரும்பியும் பார்க்காமல் இறங்கிப் போனது. எதில் போவது என்று தீர்மானிக்க அதற்கு ஒரு நொடிகூட ஆகியிருக்காது. அந்தக் குழந்தை பிழைக்கவில்லை.

போலா அழுதாள். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது செய்ய வேண்டுமே என்று நான் உடனே தோட்டக்கடைக்குக் கிளம்பினேன். நார்த்தூள் செங்கல் மாதிரி அழுத்திக் கட்டியாக வருகிறது. சின்னதும் இருந்தது, பெரியதும் இருந்தது. மனைவி அழும்போது சின்னதை வாங்கிக்கொண்டு போக எந்தக் கணவனுக்கு மனம் வரும்? ஐந்து கிலோக் கட்டியை வாங்கினேன். இந்தியாவிலிருந்து வந்தது என்று போட்டிருந்தது. மேலே தென்னை மரம் படம். "வெந்நீர் ஊற்றவும்" என்பது ஒன்றுதான் எனக்குப் படிக்கும்படி இருந்தது.

போலா தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். கட்டியைக் குளியல் தொட்டியில் வைத்து வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். பிறகு முன்னறையில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தேன். பனிச்சறுக்குத் தாவல் போட்டி நடந்துகொண்டிருந்தது. நம் ஆள் மூன்றாவது இடத்தில் இருந்தான். இரண்டாவது சுற்று முடிகிறவரை மனுஷனால் எழுந்திருக்க முடியுமா?

நான் குளியலறைக் கதவைத் திறந்தபோது தொட்டிக்குள் ஒரு கரடி படுத்திருந்தது. அப்படித்தான் தோன்றியது. தொட்டி விளிம்பு வரை பழுப்பு மலை, மேலே ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் கொஞ்சம் மூச்சை இழுத்து உப்பியது. குழாயை மூடினேன். அடைப்பானை இழுத்துத் தண்ணீரை வடிக்கலாமென்றால் கரடியின் வயிற்றுக்குள் தோள் வரை கையை விட வேண்டியிருந்தது. அந்த நிலையில் போலா வந்து சேர்ந்தாள்.

"ஒரு கிண்ணம் போதும்னு சொன்னேனே, ஜெனெக்!"

"வாங்கறப்போ சின்னதாத்தான் இருந்துச்சு."

"குளிக்கறது எங்க?"

"பணிமனையில ஷவர் இருக்கு."

"உனக்கு இருக்கு. எனக்கு?"

அவள் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தாள். விரலை விரித்தாள், மண் போல மெதுவாக உதிர்ந்தது. இன்னொரு கைப்பிடி அள்ளினாள். அவள் தோள் மெல்ல இறங்குவதைப் பார்த்தேன்.

"இவ்வளவு இருக்கே. இதுக்கு மேல என்னத்தைத் தேர்வு பண்றது?" என்றாள். மீதியிருந்த நான்கு குழந்தைகளையும் அன்று சாயங்காலமே கரடியை அள்ளிப் போட்ட கிண்ணங்களில் நட்டுவிட்டாள். நான்கு நாள் அவள் அக்கா வீட்டில் குளித்தாள். நான் பனியில் சறுக்கிச் சறுக்கிப் பதினோரு சாக்கு நார்த்தூளை ஊருக்கு வெளியே எங்கள் தோட்டத் துண்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

அடுத்த எட்டு வாரமும் நான்தான் மூடி அதிகாரி. என் முறை வேலை இரண்டு மணிக்கு முடிந்துவிடும் என்பதால் போலா அட்டவணை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டாள். முதல் வாரம் மூடி திறக்கவே கூடாது. இரண்டாவது வாரம் தினமும் ஐந்து நிமிடம். மூன்றாவது வாரம் கால்மணி நேரம். பிறகு அரைமணி, ஒரு மணி, இரண்டு மணி. உரம் கிடையாது. தண்ணீர் சொன்னால் மட்டும். நான் டிராமின் பிரேக் சோதிக்கிற ஆள். தாளில் எழுதியிருந்தால் அதன்படி செய்வேன். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தேன். ஐந்தாவது வாரம் நான்கிலும் புது இலை எட்டிப் பார்த்தபோது ரகசியமாக ஒரு பீர் குடித்தேன்.

போட்டிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை மாலை அழைப்பு மணி அடித்தது. செவெரின். கையில் மசாலாத் தேன் கேக் பொட்டலம். முகம் வெளிறியிருந்தது. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"பானி அபோலோனியா, நாப்பது வருஷம் பாடம் நடத்தினவன் நான். ஒரு பொய் சொன்னதில்ல."

"என்ன ஆச்சு, பான் செவெரின்?"

"அஞ்சும் போச்சு. அழுகி, வெள்ளையா பூஞ்சை புடிச்சு... பாசி மேல தப்பில்ல! பாசி உத்தமமானது. நான்தான் வறண்டுடுமோன்னு பயந்து பயந்து தண்ணி ஊத்தினேன். காலையில ஊத்துவேன், மத்தியானம் ஊத்துவேன், ராத்திரி கனவுல வறண்டுபோனா எழுந்து வந்து ஊத்துவேன்." அவர் கேக் பொட்டலத்தைப் போலாவின் கையில் திணித்தார். "அந்தப் பொம்பள முன்னாடி நான் வெறுங்கையோட நிக்கணுமா?"

போலா அவரைப் பார்த்தாள். செடிகளைப் பார்த்தாள். ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு பை பாசியை எடுத்து, எங்கள் சமையலறை மேசையிலேயே அதைச் சுற்றிப் பொதிந்து வைத்துக்கொண்டார். வாசலில் என் கையைப் பிடித்து, "நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றார்.

வியாழக்கிழமை பல்பினா வந்தாள். கையில் கத்தரிக்கோல் பை.

"உங்களுக்கு முடி வெட்டி நாளாச்சே, பானி அபோலோனியா. உக்காருங்க. காசெல்லாம் வேணாம்."

பாதி முடி வெட்டியதும் கத்தரிக்கோல் நின்றது. மகளிர் தினத்தன்று கடையில் கூட்டம் வந்ததாம். எல்லாரும் பார்க்கட்டுமென்று ஐந்து மூடியையும் ஒரேயடியாக எடுத்து வைத்தாளாம். சுற்றிலும் நாலு முடி உலர்த்தும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஒரு மணி நேரத்துல அஞ்சும் பெர்ம் பண்ணின மாதிரி சுருண்டுபோச்சு" என்றாள். "பெர்லைட்டுல ஒரு குறையும் கிடையாது, அதை நீங்க நம்பணும். ஆனா அந்த வாத்தியாருக்கு இது தெரிஞ்சா எனக்குச் சாவுதான். ஒண்ணே ஒண்ணு குடுங்களேன்."

போலா ஒரு பக்கம் நீளமும் ஒரு பக்கம் குட்டையுமான தலையோடு எழுந்து போய் இன்னொரு செடியை எடுத்து வந்தாள். பல்பினா ஷாம்பூ புட்டியில் கொண்டு வந்திருந்த பெர்லைட்டில் அதை அழுத்தி வைத்தாள். மீதி முடியையும் வெட்டிவிட்டுத்தான் போனாள். நேர்மையான பெண்.

"ரெண்டு பேருக்குமே குடுத்துட்டியே" என்றேன்.

"பின்ன? யாருக்குக் குடுக்கறதுன்னு உக்காந்து முடிவு பண்ணச் சொல்றியா?"

சனிக்கிழமை நூலகப் பின்னறை நிறைந்திருந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதால் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. மூன்று மேசைகள். செவெரின் முன்னால் ஒரு செடி. பல்பினா முன்னால் ஒரு செடி. எங்கள் மேசையில் இரண்டு.

"அஞ்சுல ஒண்ணுதான் கொண்டு வந்திருக்கீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"மீதி நாலும் வீட்டுல ஓய்வெடுக்குது. பயணம் ஒத்துக்காது" என்றார் செவெரின்.

"என்னோடதும் கடையில இருக்கு. வாடிக்கையாளருங்க விடமாட்டேங்கறாங்க" என்றாள் பல்பினா.

பிறகு பேச்சு. செவெரின் பாசியின் பெருமையை இருபது நிமிடம் சொன்னார். பல்பினா இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். ஒருவர் செடியை மற்றவர் குனிந்து குனிந்து பார்த்தார்.

"இலை நல்லாத்தான் இருக்கு. வேர் இருக்கணுமே" என்றாள் பல்பினா, ஒரு வேகத்தில்.

"என் வேருக்கென்ன? உங்க வேரைக் காட்டுங்க பாப்போம்!"

"நீங்க முதல்ல காட்டுங்க!"

"வேரு! வேரு!" என்று மற்ற பதினொரு பேரும் மேசையைத் தட்ட ஆரம்பித்தார்கள். சத்தம் கேட்டு நூலகர் அம்மா ஓடி வந்தார். போலா என் முழங்காலை இறுகப் பற்றினாள். அதற்குள் இருவருக்கும் ரோஷம் தலைக்கேறிவிட்டது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் இருவரும் ஒரே நேரத்தில் செடியைக் கிண்ணத்திலிருந்து தூக்கினார்கள்.

பாசி பாசியாகவே கழன்று விழுந்தது. பெர்லைட் பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டு செடிகளின் அடியிலும் எங்கள் கிண்ணத்தின் வடிவத்திலேயே பழுப்பாக ஓர் உருண்டை, தாடி மாதிரி நார் தொங்க.

மேசையைத் தட்டிய கைகள் அப்படியே நின்றன. நூலகர் அம்மா மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்களா?" என்று கேட்டார்.

எல்லோரும் போலாவைப் பார்த்தார்கள். போலா என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தில் விளக்கு எத்தனை என்று எண்ணினேன்.

"நீங்களுமா, பானி பல்பினா?" என்றார் செவெரின் மெதுவாக.

"நீங்க எப்போ போனீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"நான் வியாழக்கிழமை."

செவெரின் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார். "அப்போ நான்தான் முதல்."

முதலில் சிரித்தது பல்பினாதான். மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, முதுகு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். செவெரின் கொஞ்ச நேரம் மிடுக்காக நின்று பார்த்தார், முடியவில்லை. பிறகு அறையே சிரித்தது. நூலகர் அம்மா எங்களை அடக்கத்தான் வந்தவர்; கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அப்புறம் எல்லோரும் போலாவைச் சூழ்ந்துகொண்டார்கள். எந்த ஆராய்ச்சியை வைத்து நார்த்தூளைத் தேர்ந்தெடுத்தாள் என்று கேட்டார்கள். அவள் உள்ளதைச் சொன்னாள்: பாலாடைக்கட்டி, பூனை, குளியல் தொட்டி. யாரோ குறிப்பெடுக்கக் கொண்டு வந்த நோட்டை மூடிவிட்டார்.

"எதுல நட்டாலும் பொழைச்சிருக்கும்னு நினைக்கிறேன்" என்றாள் போலா. "அளவா ஈரம், அளவா காத்து, அவ்வளவுதான். மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாத் திறந்தோம். அதுவும் நான் திறக்கல, ஜெனெக்தான் திறந்தான்."

பதினான்கு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெர்லைட் தின்றவன் என்று இல்லாமல் வேறு மாதிரிப் பார்த்தது அப்போதுதான். எனக்குக் காது சூடானது.

"கண்ணாடி மூடியா, பிளாஸ்டிக்கா?" என்றார் செவெரின்.

"பிளாஸ்டிக்" என்றேன்.

"கண்ணாடியா இருந்திருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்."

"கண்ணாடியா?" என்றாள் பல்பினா. "கண்ணாடியில வேர்த்து வடியும், பான் செவெரின். உங்களுக்குப் பட்டும் புத்தி வரலயா?"

கொடுத்த செடிகளை இருவருமே திருப்பித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, காலை ஆறரை மணிக்கு செவெரின் தொலைபேசியில் கூப்பிட்டார். அவருடைய செடி உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இலை விட்டிருக்கிறதாம், உடனே வர வேண்டுமாம். போனோம். பல்பினா எங்களுக்கு முன்பே வந்து, ஸ்ட்ராபெர்ரி கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். இலை நிஜமாகவே அழகு. பாதிக்கு மேல் பால் வெள்ளை. செவெரின் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"அழகுதான். மறுக்கவே மாட்டேன்" என்றாள் பல்பினா. அவர் காபி போட உள்ளே போனதும் கைப்பையைத் திறந்து அளவு நாடாவை எடுத்தாள். இலையின் குறுக்கே வைத்துப் பார்த்து எங்கள் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தாள்:

"என்னோடதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் கம்மி. சொல்லிடாதீங்க, பாவம்."